ரூகரில் .350 லெஜண்ட் வேட்டை ரிவால்வர் வருமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலங்களில் மான் வேட்டைக்குப் போகிறவர்கள் சில ஆண்டுகளாகவே ஒன்றைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ரூகர் நிறுவனம் .350 லெஜண்ட் தோட்டாவுக்குத் துப்பாக்கி செய்கிறது, சூப்பர் ரெட்ஹாக் என்ற பலமான வேட்டை ரிவால்வரையும் செய்கிறது. இரண்டையும் ஏன் இணைக்கக் கூடாது? இதை எழுதும் வரை ரூகர் அப்படி ஒன்றைக் கொண்டுவரவில்லை. கேட்பது நியாயமான ஆசைதான். ஆனால் அது நிறைவேற எதெல்லாம் மாற வேண்டும் என்று தெரிந்து கேட்டால்தான் பயன்.

கீழே கூடு என்றால் பித்தளைக் கூடு, குண்டு என்றால் பறந்து போகும் பகுதி, தோட்டா என்றால் இரண்டும் வெடிமருந்தும் அதைப் பற்றவைக்கும் ப்ரைமரும் சேர்ந்த முழுச் சுற்று. சிலிண்டர் என்றால் தோட்டாக்களைத் தாங்கிச் சுழலும் உருளை, அறை என்றால் அதில் ஒரு தோட்டா உட்காரும் துளை, பிரேம் என்றால் இவற்றைத் தாங்கும் உடற்சட்டம்.

ரைபிளுக்காக வந்த தோட்டாவை ஏன் ரிவால்வரில் கேட்கிறார்கள்?

காரணம் சட்டத்தில் இருக்கிறது. மிச்சிகனின் தெற்குப் பகுதி, ஓஹையோ, இண்டியானா, அயோவா போன்ற இடங்களில் மக்கள் நெருக்கம் அதிகம், நிலம் சமதளம். அதனால் கழுத்து குறுகிய கூடு கொண்ட வழக்கமான ரைபிள் தோட்டாக்களை மான் வேட்டையில் நெடுங்காலம் அனுமதிக்கவில்லை. பிறகு கழுத்தில்லாத நேர்ச்சுவர்க் கூடுகளுக்கு மட்டும் வழி திறந்தார்கள். மிச்சிகன் விதித்த அளவு தெளிவானது: .35 கேலிபர் (அங்குலத்தில் சொல்லும் விட்டம்) அல்லது அதற்கு மேல், கூட்டின் நீளம் 1.16 முதல் 1.80 அங்குலம். வின்செஸ்டர் நிறுவனம் 2019-இல் கொண்டுவந்த .350 லெஜண்டின் கூடு 1.71 அங்குலம். சட்டத்தின் அளவுகோலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே வரைந்த தோட்டா அது.

பின்னுதைப்பு குறைவு, விலை தாங்கும்படி இருக்கிறது, சிற்றூர்க் கடையிலும் பெட்டி கிடைக்கிறது. ரைபிளுக்கு வாங்கும் பெட்டியையே இடுப்பில் இருக்கும் ரிவால்வருக்கும் போட முடிந்தால் நல்லதுதானே என்ற எண்ணம் அங்கிருந்து வருகிறது. கைத்துப்பாக்கி வேட்டைக்கு ஓஹையோ சட்டம் கேட்பது குறைந்தது 5 அங்குலக் குழல், .357 அல்லது அதற்கு மேற்பட்ட நேர்ச்சுவர்த் தோட்டா. ஆகவே ஏழரை அங்குலக் குழலோடு வரும் ரிவால்வருக்கு நீளத்தில் சிக்கல் இல்லை. விட்டத்தையும் தோட்டாப் பட்டியலையும் பொறுத்தவரை அந்தந்த ஆண்டின் வேட்டைக் கையேட்டைப் பாருங்கள். இந்த விதிகள் அடிக்கடி திருத்தப்படுகின்றன.

இப்போதுள்ள சூப்பர் ரெட்ஹாக்கிலேயே அறையை வெட்டிக் கொடுத்தால் என்ன?

நீளம் பத்தாது. .350 லெஜண்டின் முழு நீளம் 2.26 அங்குலம். சூப்பர் ரெட்ஹாக்கின் சிலிண்டரில் ஓடுவதிலேயே நீளமான தோட்டா .454 காசுல், அதன் உச்ச நீளம் 1.77 அங்குலம். .44 மேக்னம் 1.61, .357 மேக்னம் 1.59. அரை அங்குலம் குறைகிறது. அரை அங்குலம்தானே என்று தோன்றும். ஆனால் சிலிண்டர் நீண்டால் அது உட்காரும் பிரேமின் சாளரமும் நீள வேண்டும், சிலிண்டரைத் தாங்கும் கிரேன், வெற்றுக்கூடுகளைத் தள்ளும் தண்டு, எல்லாமே மாற வேண்டும். ரூகர் தன் பிரேம்களை மெழுகு அச்சு முறையில் வார்க்கிறது. புதிய பிரேம் என்றால் புதிய அச்சு, புதிய பிடிகருவிகள், புதிய சோதனை. ஒரே ஒரு கேலிபருக்காக இதைச் செய்யக் கணக்கர்கள் தயங்குவார்கள்.

10 மி.மீ. ஆட்டோ என்ற கைத்துப்பாக்கித் தோட்டாவில் சூப்பர் ரெட்ஹாக் வந்தது எப்படி என்று கேட்கலாம். அந்தத் தோட்டா குட்டை. இருக்கும் சிலிண்டரிலேயே அடங்கிவிட்டது.

அழுத்தம் 55,000 பி.எஸ்.ஐ. என்கிறார்களே, ரிவால்வர் தாங்குமா?

தாங்கும். பி.எஸ்.ஐ. என்பது ஒரு சதுர அங்குலத்தில் விழும் அழுத்தம், பவுண்டில். இந்த எண்ணைப் பார்த்து பயப்படுகிறவர்கள் பரப்பளவைக் கணக்கில் எடுப்பதில்லை. தோட்டா பின்னால் உதைக்கும் விசை என்பது அழுத்தத்தைக் கூட்டின் உட்புறக் குறுக்குவெட்டுப் பரப்பால் பெருக்கியது. .350 லெஜண்டின் உள்விட்டத்தை .35 அங்குலம் என்று வைத்தால் பரப்பு 0.096 சதுர அங்குலம். 55,000 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 5,300 பவுண்டு. .44 மேக்னத்தின் உச்ச அழுத்தம் 36,000, உள்விட்டம் ஏறத்தாழ .43, பரப்பு 0.145. பெருக்கினால் 5,200 பவுண்டு. இரண்டும் ஒன்றுதான்! சூப்பர் ரெட்ஹாக்கோ 65,000 பி.எஸ்.ஐ. கொண்ட .454 காசுலையே சுமக்கிறது.

ஆகவே பலம் தடையே இல்லை. தடையாக இருப்பவை மூன்று: சிலிண்டரின் நீளம், கூட்டுக்கு விளிம்பு இல்லாதது, சிலிண்டருக்கும் குழலுக்கும் இடையிலுள்ள இடைவெளியில் சீறும் வாயு.

ரூகர் முன்பு நீளச் சிலிண்டர் ரிவால்வர் செய்ததில்லையா?

செய்தது. இந்தப் பேச்சில் பலர் விட்டுவிடும் பகுதி இதுதான். 1980-களின் தொடக்கத்தில் உலோக உருவங்களைத் தொலைவிலிருந்து சுட்டு வீழ்த்தும் சில்லுவெட் போட்டி அமெரிக்காவில் சூடுபிடித்திருந்தது. 200 மீட்டரில் நிற்கும் ஆட்டுக்கடா உருவத்தை .357 மேக்னம் அடித்தாலும் சில சமயம் சாயாது. அதற்காக .357 மேக்னத்தின் கூட்டை 1.29 அங்குலத்திலிருந்து 1.605 அங்குலமாக நீட்டி .357 மேக்சிமம் என்ற தோட்டாவை உருவாக்கினார்கள். ரெமிங்டன் தோட்டா செய்தது. ரூகர் தன் பிளாக்ஹாக் ரிவால்வரின் பிரேமையும் சிலிண்டரையும் அதற்காகவே நீட்டியது.

சில்லுவெட்காரர்கள் 180, 200 கிரெயின் (குண்டின் எடையைச் சொல்லும் சிறு அலகு) குண்டுகளைச் சுட்டவரை சிக்கல் பெரிதாகத் தெரியவில்லை. இலகுவான 110, 125 கிரெயின் குண்டுகளை முழு மருந்தோடு சுட்டபோது வெப்ப வாயு சிலிண்டர் இடைவெளி வழியாகச் சீறி, பிரேமின் மேல்பட்டையின் அடிப்பக்கத்தில் கோடு வெட்டியது. குழலின் பின்வாயும் அரிக்கப்பட்டது. ரூகர் உற்பத்தியை நிறுத்தியது, மறுபடி தொடங்கவில்லை. அதே தோட்டாவுக்கு ரிவால்வர் செய்த டான் வெஸன் நிறுவனத்துக்கு ஒரு வசதி இருந்தது. அவர்களின் குழலைக் கழற்றி மாற்றலாம். அரித்தால் வேறொன்றைப் பூட்டிக்கொள்ளலாம்.

மேல்பட்டை அரிப்பு பெரும்பாலும் ஓர் ஆழத்துக்குப் போனதும் மெதுவாகிவிடும். பிரேம் உடைந்துவிடும் என்பது மிகை. ஆனாலும் புதிதாக வாங்கிய பொருளில் சில நூறு சுற்றுகளிலேயே வெட்டு விழுந்தால் வாங்கியவர் புகார் செய்யத்தான் செய்வார். .357 மேக்சிமத்தின் உச்ச அழுத்தம் 40,000. .350 லெஜண்டுடையது 55,000. பழைய அனுபவத்தை வைத்துப் பார்த்தால் ரூகரின் தயக்கம் புரிகிறது.

விளிம்பு இல்லாத கூடு ரிவால்வரில் என்ன தொல்லை தரும்?

.38, .357, .44 போன்ற ரிவால்வர்த் தோட்டாக்களின் அடியில் விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தோட்டா அறைக்குள் எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதை அந்த விளிம்புதான் முடிவு செய்கிறது. வெற்றுக்கூட்டை வெளியே தள்ளும் நட்சத்திரமும் அதைத்தான் பிடிக்கிறது. .350 லெஜண்டின் அடிவிளிம்பு .378 அங்குலம், உடலின் அடிப்பகுதி .390. நீட்சியே இல்லை. பிடிக்க ஒன்றும் கிடையாது. தோட்டா அறைக்குள் நிற்பது கூட்டின் வாய் ஒரு படியில் முட்டுவதால்.

இரட்டை இயக்க ரிவால்வரில், அதாவது டிரிகரை இழுத்தாலே ஹேமர் எழுந்து சுடும் வகையில், இதற்குத் தீர்வு மூன் கிளிப். எல்லாத் தோட்டாக்களையும் ஒரே வட்டத் தகட்டில் மாட்டி ஒன்றாகச் செருகி ஒன்றாக எடுப்பது. வேகமாகத்தான் இருக்கும். வேட்டையில் கோளாறு வருவதும் இங்கேதான்.

தகடு கொஞ்சம் வளைந்தாலும் சிலிண்டர் சுற்றும்போது பின்சுவரில் உரசும். இரண்டு மூன்று அறைகளில் மட்டும் டிரிகர் இழுக்கக் கனமாகத் தெரிந்தால் முதலில் கிளிப்பைச் சந்தேகியுங்கள். வெறும் கிளிப்பைக் கண்ணாடித் தட்டில் வைத்து ஓரங்களை விரலால் தட்டிப் பாருங்கள். ஆடினால் வளைந்திருக்கிறது. நிமிர்த்திப் பயன்படுத்தாமல் ஒதுக்கிவிடுங்கள். அடுத்தது, கூட்டின் பள்ளம் நிறுவனத்துக்கு நிறுவனம் கொஞ்சம் மாறும். ஒரு பெட்டித் தோட்டா கிளிப்பில் கச்சிதமாக நிற்கும், இன்னொரு பெட்டி ஆடும். ஆடுகிற தோட்டாவில் ஹேமர் அடி மெலிதாக விழுந்து வெடிக்காமல் போகலாம். சீசனுக்கு எந்தப் பெட்டியோ அதே பெட்டியில்தான் சோதனையும். மாட்டிய கிளிப்பைச் சட்டைப்பையில் போட்டு நடக்கக் கூடாது, குழாய் வடிவ உறையில் வையுங்கள்.

ஒற்றை இயக்க ரிவால்வரில், அதாவது ஒவ்வொரு முறையும் ஹேமரைக் கையால் இழுத்து ஏற்றும் வகையில், கிளிப் தேவையில்லை. பக்கவாயில் வழியாக ஒவ்வொன்றாகச் செருகி, தண்டால் ஒவ்வொன்றாகத் தள்ளலாம். அந்த வகையில் ஒற்றை இயக்கமே இந்தத் தோட்டாவுக்குப் பொருத்தம்.

குண்டு முன்னால் நகர்ந்து சிலிண்டர் பூட்டிக்கொள்ளும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. ஒரு தோட்டா வெடிக்கும்போது ரிவால்வர் பின்னால் குதிக்கிறது. மற்ற அறைகளில் காத்திருக்கும் தோட்டாக்களின் கூடு துப்பாக்கியோடு சேர்ந்து பின்னால் வருகிறது. உள்ளிருக்கும் குண்டோ இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. இப்படி ஒவ்வொரு வெடிக்கும் குண்டு கூட்டிலிருந்து சிறிது சிறிதாக வெளியே வரும். சிலிண்டரின் முன்முகத்தைத் தாண்டி நீட்டினால் குழலின் பின்பக்கத்தில் முட்டிச் சிலிண்டர் சுற்றாது. இரண்டாவது வெடி தேவைப்படும் நேரத்தில் துப்பாக்கி பூட்டிக்கொள்ளும்.

.44 மேக்னத்தில் இதைத் தடுக்கக் கூட்டின் வாயைக் குண்டின் பள்ளத்துக்குள் மடித்து இறுக்குவார்கள். .350 லெஜண்டில் அது முடியாது. வாய்தான் அறையின் படியில் முட்டி நிற்க வேண்டும், மடித்துவிட்டால் முட்ட ஒன்றும் இருக்காது. வாயை லேசாக நெருக்க மட்டுமே முடியும். ரைபிளில் அது போதும். ரிவால்வரில் சோதித்துப் பார்க்காமல் நம்பக் கூடாது. ஆறுதல் என்னவென்றால் 2 கிலோ எடையுள்ள ரிவால்வரில் 150 கிரெயின் தோட்டாவின் உதைப்பு .454 காசுல் அளவுக்குக் கடுமையாக இருக்காது.

சோதனை எளிது. வெர்னியர் காலிப்பர் ஒன்றும் மார்க்கர் பேனாவும் போதும்.

1. ஒரு தோட்டாவின் முழு நீளத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அதன் அடியில் மார்க்கரால் புள்ளி வையுங்கள்.
2. சிலிண்டரை நிரப்புங்கள். புள்ளி வைத்தது கடைசியாக வரும்படி வையுங்கள்.
3. கடைசி ஒன்றை விட்டு மற்றவற்றைச் சுடுங்கள்.
4. புள்ளி வைத்த தோட்டாவை எடுத்து மறுபடி அளங்கள்.
5. அதே தோட்டாவை மீண்டும் கடைசி அறையில் வைத்து இன்னொரு சிலிண்டர் சுட்டு மறுபடி அளங்கள்.

முதல் சுற்றில் ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கு நகர்ந்து, அடுத்த சுற்றில் அங்கேயே நின்றால் கவலை வேண்டாம். ஒவ்வொரு சுற்றிலும் நகர்ந்துகொண்டே போனால் அந்தப் பெட்டி உங்கள் ரிவால்வருக்கு ஆகாது. 2.26 அங்குலத் தோட்டா 2.3 அங்குலத்தை ஒட்டிய சிலிண்டரில் உட்காரும்போது நகர இடம் மிகக் குறைவு. சோதனை முடிந்ததும் புள்ளி வைத்த தோட்டாவைத் தனியாக ஒதுக்குங்கள், வேட்டைக்கு எடுத்துப்போக வேண்டாம்.

என்னிடம் .357 மேக்னம் ரிவால்வர் இருக்கிறது. அறையை நீட்டி வெட்டினால் .350 லெஜண்ட் சுட முடியுமா?

கூடாது. சிலிண்டர் நீளம் போதாது, அந்தத் துப்பாக்கி 35,000 பி.எஸ்.ஐ. தோட்டாவுக்காகச் செய்தது. எந்த நல்ல கம்மியரும் இதற்கு ஒப்புக்கொள்ள மாட்டார். மறுபக்கமாக, .350 லெஜண்ட் அறையில் .357 மேக்னமோ .38 ஸ்பெஷலோ போட்டுச் சுடுவதும் தவறு. குண்டின் விட்டம் நெருக்கமாக இருப்பதால் இந்தக் குழப்பம் வருகிறது. கூடுகள் வேறு வேறு. குழலின் உட்சுவரில் வெட்டிய சுருள் பள்ளத்தின் அளவும் ஒன்றல்ல: .350 லெஜண்டுக்கு .355 அங்குலம், .357 மேக்னத்துக்கு .357.

இந்த ஆயிரத்தில் இரண்டு பங்கு வித்தியாசம் துல்லியத்தையும் பாதிக்கும். தயாரிப்பாளர் தன்னிடம் ஏற்கெனவே இருக்கும் .357 குழலையே பூட்டி விற்றால், மெலிந்த குண்டு அதில் தளர்வாகப் போகும். குண்டுக்கூட்டம் விரியும்.

ரிவால்வரில் சுட்டால் வேகம் எவ்வளவு குறையும்?

ரைபிளில் வின்செஸ்டர் 150 கிரெயின் குண்டுக்குச் சொல்லும் வேகம் நொடிக்கு 2,325 அடி. ஏழரை அங்குலக் குழலில், இடைவெளியில் வாயுவும் கசிய, பல நூறு அடி குறையும். கணக்குக்காக 1,750 அடி என்று வைத்துக்கொள்வோம். ஆற்றலைக் கணக்கிட வேகத்தை அதே வேகத்தால் பெருக்கி, குண்டின் கிரெயின் எடையாலும் பெருக்கி, 450,240 ஆல் வகுக்க வேண்டும். விடை அடி-பவுண்டில்:

- .350 லெஜண்ட், 150 கிரெயின், 1,750 அடி: 1,020
- .44 மேக்னம், 240 கிரெயின், 1,350 அடி: 971
- .357 மேக்னம், 158 கிரெயின், 1,300 அடி: 593

ஆற்றலில் .44 மேக்னத்தோடு சமம், உதைப்பில் அதைவிட லேசு, பாதை தட்டை. இந்த ரிவால்வரை விரும்புகிறவர்களின் வாதம் முழுவதும் இந்த மூன்றில் அடங்கும். நல்ல வாதம்தான். .44-இன் 240 கிரெயின் குண்டு அகலமும் கனமும் கூடியது, விரியாமலே பெரிய துளை போடும் என்பதையும் மறக்க வேண்டாம். உங்கள் சொந்தத் துப்பாக்கியின் வேகத்தைக் குரோனோகிராஃப் என்ற வேகமானியில் பார்த்த பிறகே மேலே உள்ள கணக்கை நம்புங்கள். ஒரே மாடலில் இரண்டு ரிவால்வர்கள்கூட இடைவெளி வித்தியாசத்தால் வேறு வேகம் தரும்.

எவ்வளவு தொலைவு வரை மான் சுடலாம்?

100 கெஜத்தில் குறி சரிசெய்தால், மேலே சொன்ன வேகங்களில் 50 கெஜத்தில் .350 லெஜண்ட் ஏறத்தாழ 1 அங்குலம் மேலே அடிக்கும், .44 மேக்னம் 2 அங்குலம். 150 கெஜத்தில் முன்னது ஏறத்தாழ 5 அங்குலம் தாழும், பின்னது 10 அங்குலம். இதைப் பார்த்து 150 கெஜத்துக்கு ஆசைப்படுவார்கள். அங்கே பாதையைவிடக் குண்டுதான் முதலில் கைவிடும்.

இந்தத் தோட்டாவின் வேட்டைக் குண்டுகள் ரைபிள் வேகத்தில் விரியும்படி வடிவமைத்தவை. ரிவால்வரில் 1,750 அடியில் கிளம்பும் குண்டு 100 கெஜத்தில் 1,450 அடியை ஒட்டி இருக்கும். சில குண்டுகள் அந்த வேகத்தில் விரியாமல் ஊசி போலத் துளைத்துக்கொண்டு போய்விடும். மான் ஓடிப் புதரில் சாகும், ரத்தத் தடமும் கிடைக்காது. குண்டு செய்யும் நிறுவனங்கள் விரிவதற்கான குறைந்தபட்ச வேகத்தைப் பெரும்பாலும் வெளியிடுகின்றன. அந்த எண் 1,450-ஐவிடக் குறைவாக உள்ள குண்டையே தேர்ந்தெடுங்கள். ஒலி வேகத்துக்குக் கீழே போகும் கனத்த தோட்டாக்கள் ஒலிகுறைப்பான் போட்ட ரைபிளுக்கானவை. ரிவால்வரில் அவற்றுக்கு வேலை இல்லை.

சுடுபவரின் கைதான் உண்மையான எல்லை. 6 அங்குலக் காகிதத் தட்டு ஒன்றை வையுங்கள். வேட்டையில் எப்படி உட்காருவீர்களோ அப்படி உட்கார்ந்து, முழங்காலிலோ குச்சியிலோ கையை ஊன்றி ஆறு முறை சுடுங்கள். ஆறும் தட்டில் விழும் அதிகபட்சத் தொலைவுதான் உங்கள் எல்லை. பலருக்கு அது 60 கெஜத்திலேயே நின்றுவிடும். அந்த எல்லைக்குள் மட்டும் சுடுவது மானுக்குச் செய்யும் மரியாதை.

சத்தமும் வாயுவும் எப்படி இருக்கும்?

மிகக் கடுமையாக இருக்கும். ரைபிள் அழுத்தம், குட்டைக் குழல், அதோடு பக்கவாட்டு இடைவெளி. குழல் நுனியில் வாயுவைப் பக்கவாட்டில் திருப்பும் பிரேக் இருந்தால் உதைப்பு குறையும், பக்கத்தில் நிற்பவருக்குச் சத்தம் கூடும். பயிற்சியில் காதுக்குள் அடைப்பானும் மேலே மஃப்பும் சேர்த்தே அணியுங்கள். காட்டில் மெல்லிய ஒலியைப் பெருக்கி வெடியை அடக்கும் மின்னணு மஃப் நல்லது. ஒரே ஒரு வெடிதானே என்று வெறும் காதோடு சுட வேண்டாம், போன செவித்திறன் திரும்பாது.

இடது கையின் விரல் சிலிண்டரின் முன்முகத்துக்குப் பக்கத்தில் போகவே கூடாது. ரைபிள் பழக்கத்தில் முன்கையை நீட்டிக் குழலடியைப் பிடிப்பவர்களுக்கு இது பெரிய ஆபத்து. சீறும் வாயு தோலையும் சதையையும் வெட்டும். மணல் மூட்டையில் ஊன்றிச் சுட்டால் அந்த இடத்தில் பழைய தோல் துண்டு ஒன்றை விரியுங்கள், இல்லாவிட்டால் துணி கிழிந்து மணல் கொட்டும்.

.360 பக்ஹேமர் இதைவிடப் பொருத்தம் என்கிறார்களே?

தாளில் பார்த்தால் ஆமாம். ரெமிங்டன் 2023-இல் கொண்டுவந்த அந்தத் தோட்டா .30-30 கூட்டிலிருந்து பிறந்தது. விளிம்பு உண்டு. கிளிப் வேண்டாம், வாயை மடித்து இறுக்கலாம். கூட்டின் நீளம் 1.80 அங்குலம், மிச்சிகன் விதியின் உச்ச வரம்பில் நிற்கிறது. ஆனால் முழு நீளம் 2.5 அங்குலம். ஸ்மித் அண்ட் வெஸனின் பெரிய எக்ஸ் பிரேமில்கூட அடங்காது, .45-70 அளவுச் சிலிண்டர் வேண்டும். கடைகளில் .350 லெஜண்ட் கிடைக்கும் அளவுக்கு இது கிடைப்பதும் இல்லை.

நேர்மையாகச் சொன்னால், ரிவால்வருக்கு இவை எல்லாவற்றையும்விடப் பொருத்தமான நேர்ச்சுவர்த் தோட்டா அந்தக் கைவிடப்பட்ட .357 மேக்சிமம்தான். விளிம்பு இருக்கிறது, முழு நீளம் 1.99 அங்குலம், அழுத்தம் மிதம், 1.605 அங்குலக் கூடு மிச்சிகன் விதிக்குள்ளும் வருகிறது. கனத்த குண்டோடு நிறுத்திக்கொண்டால் அரிப்பும் கட்டுக்குள் இருக்கும். ஆனால் கடைக்குப் போய் ஒரு பெட்டி வாங்க முடியாத தோட்டாவை யாரும் கேட்க மாட்டார்கள்.

இன்றைக்கே வேண்டும் என்றால் என்ன வாங்கலாம்?

ஸ்மித் அண்ட் வெஸனின் மாடல் 350 இரட்டை இயக்கம், ஏழு தோட்டா, ஏழரை அங்குலக் குழல், மூன் கிளிப். .460 மேக்னம் ஓடும் எக்ஸ் பிரேம் என்பதால் நீளம் சிக்கலில்லை. எடை 2 கிலோவைத் தொடும். இடுப்பு உறையில் நாள் முழுக்கச் சுமக்க முடியாது, மார்புக்குக் குறுக்கே கட்டும் உறை வேண்டும். மேக்னம் ரிசர்ச் நிறுவனத்தின் பி.எஃப்.ஆர். நீளச் சிலிண்டர் ஒற்றை இயக்க ரிவால்வர், அதிலும் .350 லெஜண்ட் வந்திருக்கிறது. ரைபிளும் ரிவால்வரும் ஒரே பெட்டியைச் சாப்பிட வேண்டும் என்பதே முதல் தேவை என்றால் இவற்றில் ஒன்று.

அந்தத் தேவை அவ்வளவு முக்கியமில்லை என்றால் .44 மேக்னத்தில் ஏழரை அங்குலச் சூப்பர் ரெட்ஹாக்கையோ சூப்பர் பிளாக்ஹாக் ஹன்டரையோ வாங்குங்கள். முன்னது ஒன்றரை கிலோ. இரண்டிலும் ஸ்கோப் வளையத்துக்கான வெட்டுகள் தொழிற்சாலையிலேயே போட்டு வருகின்றன, முன்னதில் பிரேமின் மீதே. 100 கெஜத்துக்குள் மானுக்கு இதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை.

பயன்படுத்திய .350 ரிவால்வர் வாங்கினால், அனுமதி கேட்டு, வெற்று அறைகளை உறுதி செய்துவிட்டு மூன்று இடங்களைப் பாருங்கள். சிலிண்டருக்கும் குழலுக்கும் உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் (மெல்லிய அளவுத் தகடுகள்) அளங்கள்: .004 முதல் .008 அங்குலம் வரை சரி, .010-ஐத் தாண்டினால் விட்டுவிடுங்கள். மேல்பட்டையின் அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள், நகம் மாட்டும் அளவுக்கு வெட்டு இருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். குழலின் பின்வாயில் நுண்விரிசல் வலை தெரிகிறதா என்று பாருங்கள், தெரிந்தால் வேண்டாம்.

அறையில் எண்ணெய் விடலாமா? கூடு இறுகி வர மறுக்கிறதே?

அறைக்குள் எண்ணெய் விடக் கூடாது. கூடு வெடிக்கும்போது விரிந்து அறைச் சுவரைப் பற்ற வேண்டும். எண்ணெய் இருந்தால் பற்றாமல் பின்சுவரை முழு விசையோடு அறையும். இந்தக் கூடு அடியிலிருந்து வாய் வரை .390-லிருந்து .378-ஆகக் குறுகுவதால் பின்னால் வழுக்கும் போக்கு ஏற்கெனவே உண்டு. துப்புரவு செய்த பிறகு அறைகளைக் கரைப்பானால் துடைத்து உலர விடுங்கள்.

இறுகுவதற்குப் பெரும்பாலும் காரணம் கரிவளையம் அல்லது நட்சத்திரத்தின் அடியில் ஒட்டிய எரியாத மருந்துத் துகள். காலிசெய்யும்போது குழல் வானம் பார்க்கட்டும், துகள் கீழே கொட்டிவிடும். புதுப் பெட்டியில் மட்டும் இறுகினால் நிறுத்திவிட்டு வேறு தோட்டாவைப் பாருங்கள்.

எச்-1பி விசாவில் இருக்கிறேன். வாங்கலாமா?

எச்-1பி, எல்-1, எஃப்-1 போன்ற குடியேறா விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. விதிவிலக்குகளில் ஒன்று, ஏதேனும் ஒரு மாநிலம் வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருப்பது. காலாவதியான மறுநாளே தடை திரும்ப வந்துவிடும், நண்பருடைய துப்பாக்கியைப் பயிற்சிக் களத்தில் தொடுவதற்கும் இது பொருந்தும். கைத்துப்பாக்கியை வசிக்கும் மாநிலத்தில்தான் வாங்க முடியும், உரிமம் பெற்ற கடையில் 21 வயது ஆகியிருக்க வேண்டும். பச்சை அட்டை இருப்பவர்களுக்கு இந்த விசாத் தடை இல்லை. மாநில விதி தனியே உண்டு. குடியுரிமை விண்ணப்பம் நிலுவையில் இருந்தால் வழக்கறிஞரைக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

ரூகரிடம் எப்படிக் கேட்டால் எடுபடும்?

".350 லெஜண்டில் ரிவால்வர் செய்யுங்கள்" என்ற ஒற்றை வரி அவர்களுக்கு ஏராளமாக வந்திருக்கும். அதைவிடப் பயனுள்ள வழி கடைக்காரர் மூலமாகப் போவது. ரூகரின் பல சிறப்பு மாடல்கள் லிப்ஸிஸ் போன்ற மொத்த விற்பனையாளர்கள் ஒரு தொகுதியாக ஆர்டர் கொடுத்ததால் வந்தவை. உங்கள் ஊர்க் கடைக்காரரிடம் முன்பணம் கட்டத் தயார் என்று சொல்லும் பத்துப் பேர் இருந்தால், அவர் மொத்த விற்பனையாளரின் முகவரிடம் பேசுவார். நிறுவனம் கணக்கில் எடுப்பது அந்தப் பேச்சைத்தான்.

கேட்கும்போது இவற்றை எழுதுங்கள்: 2.26 அங்குலத் தோட்டா நகர இடம் விட்டு அடங்கும் நீளப் பிரேம். ஒரு கேலிபரோடு நில்லாமல் .460 மேக்னமும் அதே பிரேமில் ஓடலாம் என்று சுட்டிக்காட்டுங்கள், அச்சுச் செலவு இரண்டுக்கும் பங்காகும். குழல் பள்ளம் .355. ஏழரை அங்குலக் குழல், பிரேக் இல்லாமல் அல்லது கழற்றும்படி. மேல்பட்டையின் அடியில் மாற்றக்கூடிய கடின எஃகுத் தகடு. பெட்டியில் குறைந்தது நான்கு மூன் கிளிப். பிரேமிலேயே ஸ்கோப் வெட்டு. கையேட்டில் எந்தக் கிரெயின் எடைக்குக் கீழே சுடக் கூடாது என்று தெளிவான ஒரு வரி.